அபூ தைஸீரின் மூன்றாவது சத்தியம்

அந்தச் சத்தியத்தை அபூ தைஸீர் செய்த நேரத்தில் நான் வயிற்றுவலிக்கான முகத்தைப் பழகிக்கொண்டிருந்தேன்.

திட்டம் நல்ல திட்டம்தான். ஸர்காவிலிருந்து அஜ்லூன் மலைக்கு வரும் ஒன்றேகால் மணி நேரமும் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து தீட்டியது. காட்டுக்குள் ஓக் மரங்களை இணைத்துக் கட்டிய கயிற்றுப் பாதை. ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிகிற மரத்தில் நிற்பதற்கு ஒரு பலகைத் தட்டு, பயந்தவர்கள் இறங்கிக்கொள்ள ஓர் ஏணி. கடைசிக் கட்டத்தில் கம்பியில் தொங்கியபடி பள்ளத்தாக்கின் மேலாகச் சறுக்கி அந்தப் பக்கம் போய் இறங்க வேண்டும். நான் முதல் கட்டத்தை முடித்து, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி முதல் ஏணியிலேயே இறங்கிவிடுவதாக ஏற்பாடு. முதல் கட்டத்தின் உயரம் இரண்டு மீட்டர். அதையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன்.

என் பெயர் நிம்ர். புலி என்று பொருள். மூத்த பேரன் என்பதால் தாத்தாவின் பெயர் வந்துவிட்டது. உள்ளே புலி இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கத் தவழ்ந்து போய்த் தவழ்ந்து திரும்புகிறவன் நான். கல்லூரியில் நில அளவைப் பிரிவை எடுத்ததற்கே, நிலம் எப்போதும் கீழே இருக்கும் என்பதுதான் காரணம். அப்படிப்பட்டவன் இந்தப் பயணத்துக்கு ஏன் வந்தான் என்றால், பெயர் எழுதும் தாள் என்னிடம் வந்தபோது கூடப் படிக்கும் லுஜைன் பேனாவை மூடிக்கொண்டே, "நீ வரமாட்டல்ல?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அபூ தைஸீர் எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். மாணவர்கள் எல்லாரும் அவருக்கு "என் பிள்ளைங்க". எங்களுக்கு அவர் "அம்மோ", சித்தப்பா மாதிரி; அவர் மனைவி "காலா", சித்தி மாதிரி. ஒவ்வொரு பயணத்துக்கும் மனைவி சுட்டுக் கொடுத்த, கீரை வைத்த ஃபதாயர் ரொட்டிகளை இரண்டு தட்டு நிறையக் கொண்டுவருவார். அவரிடம் ஒரே ஒரு குறை. வாய் திறந்தால் தலாக் மேல் சத்தியம். "இந்த டீயை நீ குடிக்கலேன்னா என் மேல தலாக்." நீங்கள் குடிக்காவிட்டால் அவருடைய பெண்டாட்டி விவாகரத்தானவள் ஆகிவிடுவாள். எனவே குடிப்பீர்கள். எங்கள் நாட்டு விருந்துகளில் பாதிப் பேர் சாப்பிடுவது பசிக்காக அல்ல, சோறு போடுகிறவரின் திருமணத்தைக் காப்பாற்ற.

அன்று சண்டையைத் தொடங்கியவன் குஸை. அந்தக் கயிற்றுப் பாதையின் வழிகாட்டி, அஜ்லூன்காரன், கழுத்தில் விசில். முப்பத்தொரு பேருக்கும் இடுப்பில் பெல்ட் மாட்டி, ஹெல்மெட் வைத்து, இரண்டு கொக்கிகளையும் எப்படி மாற்றி மாற்றி மாட்டுவது என்று காட்டி முடித்தவன், அபூ தைஸீர் பக்கம் திரும்பினான்.

"ஸர்காவா நீங்க? போன வாரமும் ஸர்காப் பசங்கதான் வந்தாங்க. ஆறு பேரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி இறக்கினேன். ஒருத்தன் கீழ வந்தப்புறமும் என் கழுத்தை விடல. அம்மோ, பஸ்ஸை இப்படி ஏணிப் பக்கமா கொண்டுவந்து போட்டுருங்க. அழுதுட்டு இறங்குறவங்களுக்கு வசதி."

நாங்கள் சிரித்தோம். அபூ தைஸீர் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதக் கோப்பையைப் பேருந்தின் முன்பக்கத்தில் வைத்தார்.

"இது என் பிள்ளைங்க. முப்பத்தொண்ணு பேரும் அந்தப் பக்கம் போய்த்தான் இறங்குவாங்க. ஒருத்தர் பாதியில இறங்கினாலும் என் மேல தலாக்."

என் முகத்தில் வயிற்றுவலி அப்படியே நின்றுவிட்டது.

"அம்மோ, இதுக்கெல்லாமா?" என்றான் என் நண்பன் பஹா.

லுஜைன்தான் உருப்படியான கேள்வியைக் கேட்டாள். "அம்மோ, இதுவரைக்கும் எத்தனை சத்தியம் பொய்யாயிருக்கு?"

அபூ தைஸீர் கழுத்தைத் தடவிக்கொண்டார். கோபம் போய், சொன்னது அப்போதுதான் அவருக்கே காதில் விழுந்ததுபோல இருந்தது. "ரெண்டு," என்றார்.

மூன்றாவதும் விழுந்தால் அதற்குப் பிறகு திரும்பிச் சேர வழியில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மனசால நினைக்காம சொன்னா அது கணக்குல வராது அம்மோ. மார்க்கத் தீர்ப்பு சொல்ற முஃப்தி ஆபீஸ்லயே சொல்லுவாங்க," என்றான் பஹா.

"முஃப்தி கணக்கு வேற. என் பொண்டாட்டியோட அண்ணன் கணக்கு வேற. மூணாவது வாட்டி என் தங்கச்சி பையைத் தூக்கிட்டு இங்க வந்தா, அப்புறம் இங்கயேதான்னு ஊர்ப் பெரியவங்க முன்னால சொல்லிட்டான். சொன்னா செய்யிற ஆளு."

நான் அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். ஏறுவதற்கு முன்பே சொன்னால் ஏதாவது வழி பிறக்கும். "அம்மோ, எனக்கு வந்து..." என்று ஆரம்பித்ததும் அவர் என் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"நிம்ர், உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. ஆம்பளை. அந்தப் பொண்ணு லுஜைன்தான், ஊதினா பறந்துடுவா போலிருக்கு. அவ பின்னால கொஞ்சம் பாத்துக்கிட்டே போ."

சரி என்று சொல்லிவிட்டேன். என் வாயும் அவர் வாய்க்குச் சளைத்ததல்ல.

ஊதினால் பறக்கும் லுஜைன் முதல் ஆளாக ஏறினாள், பறந்தேதான் போனாள். ஒவ்வொருவராகப் போனார்கள். நான் வரிசையில் என் இடத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்ததில், எனக்குப் பின்னால் யாரும் மிச்சமில்லை. குஸை என் கொக்கிகளை இழுத்துப் பார்த்தான்.

"நடுங்குறியே."

"குளிர்."

"ஏப்ரல் மாசம்."

முதல் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். முதல் ஏணி காலடியில் நின்றது. அவ்வளவு அழகான ஏணியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கீழே அபூ தைஸீர் மரத்துக்கு மரம் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். நான் நிமிர்ந்தால் அவரும் நிமிர்கிறார். ஏணியைத் தாண்டிப் போனேன்.

இரண்டாவது, வலை. மூன்றாவது, ஆடும் மரக்கட்டைகள். நான்காவதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உமிழ்நீர் வற்றி நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. தரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து விலகிப் போயிற்று. நான் ஏறவில்லை, மலைதான் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தை முடித்து மரத்தைக் கட்டிப்பிடித்தபோது, கீழே நின்ற அபூ தைஸீரின் வழுக்கைத் தலை அரைத் தினார் நாணயம் அளவுக்கு இருந்தது.

ஏழாவது கட்டத்தைப் பார்த்தேன். காலுக்கு ஒரே ஒரு கம்பி. கைக்குத் தோள் உயரத்தில் ஒரு கயிறு. தலைக்கு மேல், கொக்கிகளை மாட்டுகிற கம்பி. இருபது மீட்டர் தூரம். அடியில் வெறும் காற்று.

என் கால்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. போ என்றேன், போகவில்லை. மரத்தைச் சுற்றியிருந்த கைகளும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டன. கன்னத்தில் மரப்பட்டை குத்தியது. அதை விலக்கக்கூடக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்பதைப் பிறகு பஹா சொன்னான்: ஐம்பது நிமிடம். அதற்குள் முப்பது பேரும் முடித்துவிட்டு, பள்ளத்தாக்கைச் சுற்றி நடந்து திரும்பி, என் மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

"நிம்ர், கீழ பாக்காத," என்றான் பஹா.

கீழே பார்த்தேன்.

"கம்பி ஒண்ணும் பண்ணாது. யானையே நடக்கலாம்," என்று யாரோ சொன்னார்கள். "யானைக்கு நாலு கால் இருக்கு," என்று இன்னொருவர்.

குஸை விசில் ஊதினான். "நாலு மணிக்கு மூடணும். போதும். நான் ஏறி அவனை இறக்கிடறேன். இது என் வேலை."

அபூ தைஸீர் ஏணியின் முன்னால் போய் நின்றுகொண்டார். "கொஞ்சம் பொறு தம்பி."

"அவனுக்கு மயக்கம் வந்தா யார் பொறுப்பு? தள்ளுங்க."

"நீ மட்டும் இந்த ஏணில கால் வச்சே, என் மேல..."

"அம்மோ, வேண்டாம்," என்று முப்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன. நானும் மேலிருந்து சேர்ந்துகொண்டேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் அடித்தது. திரையில் மனைவியின் பெயரைப் பார்த்தவர், பாம்பைப் பிடித்தவர்போல அதை லுஜைன் கையில் போட்டார். "உம்மு தைஸீர். சாப்பிட்டீங்களான்னு கேப்பா. என்னால முடியாது. நீ பேசும்மா."

லுஜைனுக்குப் பொய் வராது. கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் பேசினாள். அவள் பேசி முடித்த இரண்டாவது நிமிடம் என் சட்டைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. மேலே கொண்டுபோகக் கூடாது என்று குஸை எல்லார் ஃபோனையும் வாங்கி வைத்திருந்தான்; ஆம்புலன்ஸைக் கூப்பிட ஆள் வேண்டுமே என்று நான் மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். அதைக் கவனித்திருந்த லுஜைன் என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். மரத்திலிருந்து ஒரு கையை விரல் விரலாகப் பிரித்தெடுத்துக் காதில் வைத்தேன்.

"நிம்ரா? நான் உம்மு தைஸீர். எவ்வளவு உயரத்துல இருக்க?"

"நாலு மாடி இருக்கும், காலா."

"சாப்பிட்டியா?"

"காலையில உங்க ஃபதாயர் நாலு."

"நாலு எந்த மூலைக்கு? சரி, நான் சொல்றதைக் கேளு. இறங்கிடு."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"எனக்காக நீ அங்க தொங்க வேணாம். உங்க அம்மா கிட்ட நான் பதில் சொல்ல முடியாது. முதல் தடவை அவரோட பெரியப்பா மகன் சாப்பாட்டுக்கு இருக்க மாட்டேன்னு கிளம்பிட்டான். ரெண்டாவது ஒரு டயர்க் கடைக்காரன். இப்ப நீ. நீ இன்னைக்குத் தாண்டினா அடுத்த மாசம் தக்காளி விலைக்காக இன்னொண்ணு போடுவாரு. இறங்கு. எங்க அண்ணன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்."

அன்று காலையிலிருந்து நான் கேட்க ஏங்கிய ஒரே வார்த்தை அது. இறங்கு. அதுவும் சம்பந்தப்பட்டவரே சொல்கிறார். ஏணி இரண்டடி தள்ளி இருந்தது. கீழே பார்த்தேன். அபூ தைஸீர் ஏணியை விட்டு விலகி, ஒரு பாறையில் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலா, ரெண்டு தடவையும் எப்படித் திரும்பி வந்தீங்க?"

"எப்படின்னா? பெரியவங்க இருபது பேர் எங்க அண்ணன் வீட்டுக்கு வந்தாங்க. காபி ஊத்தினோம். கோப்பையைக் கீழ வச்சுட்டு, பொண்ணை அனுப்பினாத்தான் குடிப்போம்னாங்க. கொடுத்தேன், குடிங்கன்னான் எங்க அண்ணன். நான் பையைத் தூக்கிட்டு வந்தேன். காபி போட்டது நான். ஆனா உனக்கு என்ன வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

"உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தப் பக்கம் குழாயை யாரோ மூடுவது கேட்டது.

"அந்த வார்த்தை அவர் வாயில வரக்கூடாது. வேற ஒண்ணும் வேணாம். நல்ல மனுஷன்தான். ஆனா வீட்டுக்கு யாராவது வந்து அவர் டீ ஊத்தினாலே எனக்குக் கை வேலை ஓடாது. விருந்தாளி குடிச்சிட்டாரா, தட்டை முடிச்சிட்டாரான்னு அடுப்படிக் கதவு இடுக்குல பாத்துக்கிட்டு நிப்பேன். இருபத்தாறு வருஷமா பாக்குறேன் நிம்ர். உனக்கு இப்ப எப்படி இருக்கோ, அப்படி."

எனக்கு எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது நிமிடத்துக்கே உள்ளங்கால்வரை வியர்த்துவிட்டது.

"காலா, வைக்காதீங்க. லைன்லயே இருங்க," என்று ஃபோனை அப்படியே பையில் போட்டேன்.

நான் செய்தது துணிச்சலால் அல்ல. நகர முடியாதவனிடம் நகராமல் இருப்பது ஒன்றுதான் கைவசம் இருந்தது.

"அபூ தைஸீர் அம்மோ," என்று கூப்பிட்டேன். குரல் ஆட்டுக்குட்டிபோல வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்தார்.

"நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்னு வச்சுக்கங்க. நீங்க காபி ஊத்திட்டீங்க. நான் கோப்பையைக் கீழ வச்சுட்டேன்."

மரத்தடியில் எல்லார் தலையும் நிமிர்ந்தது. பெண் கேட்கப் போனாலும், விபத்தில் செத்தவன் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனாலும், கோப்பை கீழே போனால் அதற்குப் பிறகு விளையாட்டு இல்லை. குஸை வாயிலிருந்து விசிலை எடுத்தான். அபூ தைஸீர் எழுந்து நின்றார்; சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேளு," என்றார்.

"தலாக்குங்குற வார்த்தை இனி உங்க வாயில வரக்கூடாது. டீக்கு இல்ல, டயருக்கு இல்ல, எங்களுக்காகவும் இல்ல. இது நான் கேக்கல. கேக்க வேண்டியவங்க கேக்குறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு லுஜைன் கையிலிருந்த தன் ஃபோனைப் பார்த்தார். "அவ கேட்டாளா?"

"இருபத்தாறு வருஷமா அடுப்படிக் கதவுக்குப் பின்னால நிக்கிறாங்களாம்."

"எதுக்கு?"

"விருந்தாளி குடிக்கிறாரான்னு பாக்க."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு உயரம். ஆனால் வலது கை எழுந்து நெஞ்சில் கொஞ்சம் தேடிவிட்டு நின்றதைப் பார்த்தேன்.

"சரி. இனிமே அந்த வார்த்தையைச் சொன்னா என் மேல த..."

முப்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். அவர் நிறுத்தினார். வாயைத் திறந்தார், மூடினார். சத்தியம் செய்யாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பது அவருக்கு ஒற்றைக் கம்பியில் நடப்பதுபோல இருந்திருக்க வேண்டும்.

"கொடுத்தேன்," என்றார் கடைசியில். வெறும் அந்த ஒரு சொல். "குடி, நிம்ர்."

கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு மூன்று விநாடி. நான்காவது விநாடியில் புரிந்தது: கேட்டது கிடைத்துவிட்டால் குடித்தாக வேண்டும், அதாவது கம்பியைத் தாண்டியாக வேண்டும். கிடைத்த பிறகும் குடிக்காமல் எழுந்து போகிறவனை எங்கள் பக்கம் மனிதனாகவே சேர்க்க மாட்டார்கள். இதை நான் முன்னால் யோசித்திருக்கவில்லை.

கொக்கிகளை மாற்றினேன். ஒன்று. மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். இரண்டு. மறுபடி இழுத்தேன். பட்டைத் தழும்பு பதிந்த கன்னத்தோடு மரத்திடமிருந்து விடைபெற்று, வலது காலைக் கம்பியில் வைத்தேன்.

கம்பி என் காலைவிட அதிகமாக நடுங்கியது. நடுங்குவது நான்தான் என்றும், நான் நடுங்க நடுங்க அது கூடுதலாக ஆடும் என்றும் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம். கையில் இருந்த கயிறு முன்னால் போக, பின்பக்கம் பின்னால் போக, பாதி மூடிய மடக்குக் கத்திபோல நின்றேன். ஒரு அடி. பக்கவாட்டில் இன்னொரு அடி. குர்ஆனில் தெரிந்த சின்ன அத்தியாயங்கள் எல்லாவற்றையும் ஓதினேன். தீர்ந்துபோனதும் நில அளவைப் பாடத்தின் வரையறைகளை ஓதினேன்.

நட்ட நடுவில் இடது கால் வழுக்கியது.

கை கயிற்றை விட்டது. வானம், இலை, வானம். பிறகு பெல்ட் இடுப்பைக் கவ்வி இழுத்துப் பிடித்தது. கசாப்புக் கடை ஆடு மாதிரி கொக்கியில் தொங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். யாரோ வீறிட்டார்கள். நான்தான்.

"ஒண்ணும் ஆகல," என்று கீழேயிருந்து குஸையின் குரல் வந்தது. அதில் கேலி இல்லை. "பெல்ட் பிடிச்சிருக்கு, பாரு. உன்னை மாதிரி மூணு பேரைத் தாங்கும். மேல கம்பி தெரியுதா? ரெண்டு கையால பிடி. இழு. கையை மாத்து. இழு."

"இப்படிப் போனா ஏத்துக்குவியா தம்பி?" என்று அபூ தைஸீர் அவனிடம் கேட்பது காதில் விழுந்தது.

"தலைகீழா போனாலும் போய்ச் சேர்ந்தா சரிதான் அம்மோ."

விழுந்தாகிவிட்டது. பயந்துகொண்டிருந்தது நடந்தே முடிந்துவிட்டது. நான் இன்னும் இருந்தேன். இழுத்தேன். ஒரு முழம் நகர்ந்தது. உள்ளங்கை எரிந்தது. மறுபடி ஒரு முழம். கீழே முப்பது பேரும் எண்ண ஆரம்பித்தார்கள், இழுப்புக்கு ஓர் எண்ணாக. இருபத்தெட்டு என்று அவர்கள் சொன்னபோது என் தலை ஏழாவது மரத்தில் இடித்தது.

எட்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது ஒரு சுரங்கக் குழாய். அதற்குள் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன். கடைசிச் சறுக்கலில் நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தட்டின் விளிம்பில் உட்கார்ந்தேன், பூமி இழுத்துக்கொண்டது. அலறிக்கொண்டேதான் போனேன். கால்மணி நேரத்தில் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிவந்திருந்தார்கள். பஹா என் ஹெல்மெட்டைத் தட்டினான். "பள்ளத்தாக்குல ஆட்டு மந்தை ஒண்ணு இருந்துச்சு. நீ கத்தின கத்துல இப்ப இல்ல," என்றான். லுஜைன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தாள், என் விரல்களால் திறக்க முடியாது என்று பார்த்திருக்கிறாள்.

அபூ தைஸீர் மூச்சிரைக்க வந்தார். என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தார். வழக்கமான சொற்கள் இல்லாததால் தடுமாறினார்.

அப்போதுதான் என் சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது. "நிம்ர்? வந்து சேந்துட்டியா?"

"சேந்துட்டேன் காலா."

"எல்லாம் காதுல விழுந்துச்சு. நீ கத்தினதும், அவர் சொன்னதும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஃபோனை அவர் கிட்ட குடு."

கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார், கொதிக்கும் பாத்திரத்தை வாங்குவதுபோல. மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துபோய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஒருமுறை கண்ணைத் துடைத்தார். பிறகு ஏதோ சொன்னார், மறுபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

மணி நாலைத் தாண்டிவிட்டது. பேருந்துச் சாவி அவரிடம் இருந்தது. குஸை மூடும் நேரம் என்று சொல்லவில்லை. பெல்ட்டுகளை எண்ணுவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தான். பசித்த முப்பது பேரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஃபோனைக் கொடுக்கும்போது திரையின் மூலையைப் பார்த்துவிட்டேன். என் ஃபோனில் மூன்று சதவிகித சார்ஜ்தான் இருந்தது. இருபத்தாறு வருடப் பேச்சுக்கு அது எந்த மூலைக்கு? லுஜைனிடமிருந்து அபூ தைஸீரின் சொந்த ஃபோனை வாங்கிக்கொண்டு, பேச்சு அறுந்த அடுத்த நொடியே போய் நீட்டுவதற்காக, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு தயாராக நின்றேன்.